கழித்தது போக

போகிக்கு முந்தின ஞாயிறு
கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு
மொட்டை மாடிக்கு ஏறினேன்.
பதினொரு பெயிண்ட் வாளி, பதினொரு செடி.
தண்டையார்பேட்டையில் வெள்ளை ரோஜா
பூத்த அன்றைக்கு மட்டும்தான் வெள்ளை.
மறுநாள் துறைமுகத்துக் காற்று வந்து
தன் நிறத்தைக் கொடுத்துவிட்டுப் போகும்.
இலை துடைத்த துணியைப் பிழிந்தால்
மை.

முதலில் செத்த குச்சி.
அது சுலபம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.
பிறகு ஒன்றையொன்று உரசி
முள்ளால் கீறிக்கொண்டிருக்கும் இரண்டில்
ஒன்று.
எது என்று நிற்பேன் கொஞ்ச நேரம்.
வயிற்றுக்குள் பார்த்து வளர்வதை எடுத்துவிட்டு
வெளியே பார்க்கும் கணுவைத் தேடி
கால் விரற்கடை மேலே
சாய்த்து ஒரு வெட்டு,
தண்ணீர் கணுமேல் நிற்காமல் அந்தப் பக்கம் வழிய.
வெட்டுவாயில் மஞ்சள் குழைத்து ஒரு பொட்டு.
பென்சில் கனம் இல்லாததெல்லாம் போயிற்று.
மூன்றாவது வாளியில்
மொட்டோடு இருந்த ஒரு கிளையும் போயிற்று.
அதை மட்டும்
எண்ணூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு வெட்டினேன்.

மணலியில் எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், நிற்கும்.
சரக்கோடு ஓர் எடை, வெறும் வண்டி ஓர் எடை,
கழித்தால்தான் சீட்டு.
பதினாறு வருஷமாய்க்
கழித்துக்கொண்டே இருப்பவளுக்குக்
கிளை கழிக்கக் கை ஏன் நடுங்குகிறது?
லாரி மறுபடி தழைக்குமா என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.

துணி காயப்போட வந்த ஆதிலட்சுமி
வாளியைக் கீழே வைக்கவில்லை.
"இன்னாக்கா இப்டி மொட்ட அட்ச்சி வச்சிக்கீற?
திருத்தணி வேண்டுதலா?"
அவள் கொண்டைக்கு தினம் ஒன்று
இந்த மாடியிலிருந்துதான் போகும்.
நாற்பத்தைந்து நாள் பொறு என்றேன்.
"அதுக்குள்ள நானே மொட்ட ஆய்டுவேன்"
கிளிப்பைப் பல்லில் கடித்தபடி சொன்னாள்.
அப்புறம் மூன்று வாரம் பேச்சில்லை.
படிக்கட்டில் எதிரே வந்தால்
செல்போனைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள்.

குச்சிகள் குச்சிகளாகவே நின்றன.
காசிமேட்டு இறால் ஓட்டைக் காயவைத்து
இடித்துப் போட்டேன்;
பூனைகள் இரண்டு வாளியைக் கவிழ்த்தன.
இரவு ஷிப்ட் முடிந்து வந்து
கண் டாக்டர் மாதிரி
டார்ச் அடித்துக் கணுவைப் பார்ப்பேன்.
பத்தாம் நாள்
மிளகாய் விதை அளவு சிவப்பு,
ஒரே ஒரு கணுவில்.
மறுநாள் நாலு வாளியில்.

ஏழாவது வாளியில்
ஒட்டுக்குக் கீழே மண்ணைப் பிளந்துகொண்டு
தடியாய் ஒரு கிளை,
வெளிறிய பச்சையில், காம்புக்கு ஏழு இலையாய்.
இருபது நாளில் முழங்கால் உயரம்.
அது நான் வாங்கிய சிவப்பு இல்லை.
சிவப்பைத் தாங்க நர்சரிக்காரர் அடியில் வைத்த
பன்னீர் ரோஜா.
மேலே போகவேண்டிய சோற்றை இது தின்னும்,
பிடுங்கிவிடு என்பதுதான் முறை.
முறை எனக்குத் தெரியும்.
ஆனால் மாதவரத்தில் அந்தச் சிவப்பை
வாங்கும்போது மோந்து பார்த்தது ஞாபகம் வந்தது:
ஒன்றுமே இல்லை, காகிதம்.
கூப்பிடாமல் வந்த இதற்குத்தான் வாசனை.
அடியில் நின்று தாங்குகிறவர்களைப் பற்றி
இந்த இடத்தில் ஒரு வரி எழுதத் தோன்றியது.
எழுதவில்லை.

வெட்டினால் திரும்ப வரும்.
கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தேன்,
கொஞ்சம் பட்டையும் சேர்ந்து வந்தது.
மூன்று துண்டு, மூன்று பால் பாக்கெட்டில் மண்.
ஆதிலட்சுமி வாசலில் வைத்து
மணி அடிக்காமல் வந்துவிட்டேன்.

திருவொற்றியூரில் மாசிக் கொடி ஏறின வாரம்
மேலே பத்து வாளியில் மொட்டு.
மூன்றாவது எழுந்திருக்கவே இல்லை.
கழித்தது போக
பத்து.

முதல் சிவப்போடு கீழே போனேன்.
கதவு திறந்திருந்தது.
ஜன்னல் கம்பியோரம் மூன்று பாக்கெட்,
ஒன்று கறுத்து, இரண்டில் தளிர்.
வா என்று சொல்லவில்லை.
"இத்த எப்பக்கா வெட்டணும்?"
கையில் பையனுடைய பள்ளிக்கூடக் கத்தரி,
நீலப் பிடி.
இந்த வருஷம் தொடாதே என்றேன்.
பூவை வாங்கி மோந்து பார்த்தாள்,
மூக்கைச் சுளித்தாள்,
செருகிக்கொண்டாள்.